பூஜைக்கு வைத்த லேப்டாப்

வெளிநாட்டுக்காரர்களுக்கு விஜயதசமி கிடையாது. அன்று காலை அவர்களோடு எனக்கு வீடியோ மீட்டிங். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குப் பல்லடத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவள் நான். மாமனாரின் விசைத்தறிகள் ஓடுகிற தறிக்குடோன் வீட்டை ஒட்டியே இருக்கிறது. “அந்தச் சத்தத்திலயும் தூசியிலயும் எப்படிங்க வேலை நடக்கும், பேசாம ஆபீசுக்கே வந்துருங்க” என்று மேனேஜர் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினம் பஸ் ஏறுவது நடக்கிற காரியமில்லை. அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். அதற்கு ஒரு சாக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று கம்பெனி லேப்டாப்பைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. அடுப்படியில் சுண்டலைத் தாளித்து எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தறிகளெல்லாம் துடைத்துச் சந்தனப் பொட்டோடு நின்றன. முன்னால் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல். அவற்றுக்கு நடுவில் என் லேப்டாப் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. திரையில் திருநீற்றுப் பட்டை. எழுத்துப் பட்டன்களின் மேல் சந்தனம், மஞ்சள் அரிசி, பொரி, செவ்வந்தி இதழ்.

“மாமா, இதை ஏனுங்க தொறந்து வெச்சீங்க?”

“மூடி வெச்சா அதுக்கு எப்படி அம்மணி பூசை பண்றது?” என்றார் மாமனார், தேங்காயை உடைத்தபடி.

எடுக்கப் போனேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டுமாம். “ஒரு ராத்திரிதான கண்ணு” என்றார். இதே மனிதர்தான் சொந்தக்காரர்கள் வந்தால், “மருமக சும்மா ஊட்டுலதான் இருக்குது, பொட்டி தட்டிக்கிட்டு” என்று சொல்வார். சும்மா இருக்கிறவளின் பொட்டிக்கு எதற்குப் பூஜை? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு சுண்டலை வைத்தேன்.

காலையில் முதல் வேலையாக எடுத்து, மெதுவாகக் கவிழ்த்தேன். பொரி உதிர்ந்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதோ உருள்கிற மாதிரி இருந்தது. மறுபடி ஆட்டினால் சத்தமே இல்லை. போயிருக்குமா, போயிருக்காதா? கம்பெனிப் பொருள், நாமே திறந்து பார்க்கவும் கூடாது.

“இங்க குடு புள்ள” என்று கணவர் வாங்கிக்கொண்டு போனார். ஏதோ பிரஷ்ஷால் தட்டப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால், தறியில் படிந்த பஞ்சை ஊதி எடுக்கிற கம்ப்ரசர் ஹோசைக் கையில் பிடித்திருக்கிறார்.

“ஏனுங்க, வேண்டாங்க!”

“பஞ்சே பறக்குது, பொரி பறக்காதா?”

புஸ்ஸென்று ஊதிவிட்டார். மேலே கிடந்த அரிசியில் பாதி தரையில் விழுந்தது. மீதி போன இடம் தெரியவில்லை. குடோன் மூலைகளில் இருந்த பஞ்செல்லாம் கிளம்பி ஆளையே மறைத்தது. அப்பனையும் மகனையும் சேர்த்து வைத்து அதே ஹோசால் ஊதித் தள்ளலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மீட்டிங்கில் லேப்டாப் மில் மாதிரி கரகரத்தது. பாதிப் பேச்சில் திரை அணைந்தது. ஆபீசின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தேன்.

“உள்ள ஏதாச்சும் போயிருக்குங்களா மேடம்?”

“போயிருக்கலாங்க.”

“தண்ணியாட்டங்களா, கெட்டியாங்களா?”

“சந்தனத்தை எதுலங்க சேர்த்துவீங்க?”

நாளைக்கு நேரில் கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஆபீசில் திறந்து பார்த்தபோது இரண்டு மூன்று மஞ்சள் அரிசியும் ஒரு செவ்வந்தி இதழும் வந்தன. மற்றதெல்லாம் பஞ்சு, ஃபேனைச் சுற்றித் தலையணை மாதிரி அடைத்திருந்தது. மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார்.

“இனிமே இது பூஜைப் பக்கமே போகக் கூடாதுங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா நீங்க ஆபீசுக்கு வந்துர வேண்டியதுதான்.”

போகாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, அவர்கள் பஞ்சை எடுத்துச் சரிசெய்து தந்த லேப்டாப்போடு கிளம்பினேன். மாமனாரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே மனசுக்குள் ஒரு முறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இறங்கியதும் நேராகக் குடோனுக்குப் போனேன்.

“அடுத்த வருசம் அதை வெக்கவே கூடாதுங்க மாமா. என் வேலையே போயிருக்கும்.”

அவர் தறியில் ஓடும் பாவுநூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அதெப்படி அம்மணி உட்டுப்போட்டுக் கும்பிடறது? போன ஆடியில நூல் வெல ஏறித் தறி பூராவும் நின்னு கெடந்துச்சு. அப்ப இந்த ஊட்டுல ஓடுன மிசினு அது ஒண்ணுதான.”

கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் பார்ப்பது வேலை என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அதைச் சொல்வதற்கு என் லேப்டாப்பைப் பாழாக்கித்தான் ஆக வேண்டுமா? எரிச்சல் போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

“வெச்சுக்குங்க. ஆனா மூடித்தான் வெக்கோணும்” என்றேன். “பொட்டு நானே வெக்கறேன்.”