பாலத்தின் மேல் இருபது நிமிடம்

பிள்ளை வாசிக்கவேண்டும் என்பதற்காக எல்லைக்கு இந்தப் பக்கம் உலு திராம் ஊரில் ரூபேந்திரனைப் போல் பாடுபட்ட தகப்பன் வேறொருவர் இல்லை. அதில் தான் தோற்றுவிட்டதாக அவரே சொல்லிக்கொள்கிறார். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வயது நாற்பத்திரண்டு. சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். சிங்கப்பூரில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகளாக இயந்திரம் பார்க்கிறார். விடியுமுன் நாலே காலுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினால் திரும்ப வீடு சேர ஒன்பதாகிவிடும். மகள் ஷாந்தினி அவர் புறப்படும்போதும் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். வாரத்தில் ஆறு நாள் அவர் கண்டது அவளுடைய போர்வையைத்தான்.

அவள் இரண்டாம் ஆண்டு படிக்கையில் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். ஆசிரியர் திருச்செல்வம் நன்றாகவே பேசினார். தினமும் இருபது நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசியுங்கள். புத்தகத்தை அதன் கையில் கொடுங்கள், பக்கத்தை அதுவே புரட்டட்டும். நடுவில் கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் வீட்டில் ஒட்டினால்தான் ஆயுசுக்கும் நிற்கும் என்றார். ரூபேந்திரனுக்கு அது நெஞ்சில் இறங்கியது. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவர் அவர். அன்று கையில் புத்தகம் இருந்திருந்தால் இன்று கையில் ஸ்பேனர் இருந்திருக்காது என்பது அவருடைய அசைக்கமுடியாத கருத்து. மகள் ஆயுசுக்கும் வாசிக்கிறவளாக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் ஷிஃப்ட் பார்த்த காதில் நிமிடக் கணக்குதான் முதலில் விழும். இருபது நிமிடம் நினைவில் நின்றது. பக்கத்தில் உட்காரவைப்பது பஸ் ஏறுமுன்பே விட்டுப்போயிற்று.

மாலையில் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளுக்கும் நடுவே, கடலைத் தாண்டும் பாலத்தின் மேல் பஸ் நிற்கும். நகர்வதும் உண்டு, அது தெரியாது. அந்த நேரத்தை ரூபேந்திரன் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுப்பார், கைப்பேசியை உதட்டருகே வைப்பார், இருபது நிமிடம் வாசித்துப் பதிவு செய்து மனைவி யோகேஸ்வரியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். ஷாந்தினி தூங்கப்போகுமுன் கேட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிப்பு கிடையாது. வாரத்தில் மகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே நாள் அது; புத்தகத்துக்கும் அன்று ஓய்வு, பையிலேயே கிடக்கும்.

பஸ்ஸில் முதலில் கேலிதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மணியம் பின்னாலிருந்து, "என்னண்ணே, ரேடியோ நிலையம் தொறந்துட்டீங்களா?" என்றான். மூன்றாவது வாரம் அதே மணியம் இரண்டு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தான். எத்தனையோ புத்தகங்கள் முடிந்து, மூன்று வருடம் கழித்து ஒருநாள், ஆற்றில் வெள்ளம் ஏறும் இடத்தில் இருபது நிமிடம் முடிந்து ரூபேந்திரன் புத்தகத்தை மூடியபோது, "அலமாக், இப்பதானா நிறுத்துவீங்க? நாளைக்கு லீவு கீவு போட்றாதீங்கலா" என்று கெஞ்சினான். வேலை முடிந்து வரும் களைப்பில் யாரோடும் பேசாத பதினேழு பேர், படகோட்டியின் மகள் வெள்ளத்தில் தொலைந்த தம்பியைக் கண்டுபிடிப்பாளா என்று கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள்.

அனுப்பிய குரலை யாராவது கேட்டுவிட்டால் பக்கத்திலிருக்கும் சிறிய ஒலிவாங்கிப் படம் நீலமாக மாறும். அதைப் பார்த்த பிறகுதான் ரூபேந்திரன் பாலத்தைவிட்டு இறங்குவார். மூன்று ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட பதிவுகள். ஒன்றுகூட நீலமாகாமல் போனதில்லை.

ஷாந்தினி ஐந்தாம் ஆண்டுக்கு வந்தபோது பள்ளியில் வாசிப்பு வாரம் கொண்டாடினார்கள். சிறந்த வாசிப்புக் குடும்பம் என்று ஒரு பரிசு. எழுநூறு பதிவுகளைக் கேள்விப்பட்ட திருச்செல்வம் வேறு யாரையும் யோசிக்கவில்லை. ரூபேந்திரன் புதுச்சட்டை போட்டு மேடையேறினார். ஆசிரியர் மைக்கை ஷாந்தினியிடம் நீட்டி, அப்பா இப்போது வாசித்துவரும் கதையில் உனக்கு எந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று அன்பாகக் கேட்டார்.

பிள்ளை மைக்கைப் பார்த்தது. பிறகு சபையில் இரண்டாவது வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தது.

"படகு கவுந்து, அவ மட்டும் கரையில ஒக்காந்திருப்பால்ல சார், அந்த எடம்," என்றாள் யோகேஸ்வரி. மகளுக்கு மெல்ல எடுத்துக்கொடுக்க நினைத்தவள், எழுந்தே நின்றுவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். குடும்பமே வாசிக்கிறது என்றார் திருச்செல்வம். சான்றிதழும், மைலோ பானப் பொட்டலங்கள் நிறைந்த ஒரு கூடையும் கிடைத்தன. கூடையில் புத்தகம் எதுவும் இல்லை.

கூடையோடு காரில் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தெப்ராவ் பகுதி தாண்டிய பிறகு ரூபேந்திரன் கண்ணாடியில் மகளைப் பார்த்து, அப்பா அனுப்பினதை நீ கேட்டதே இல்லையா என்றார்.

"மொதல்ல கேட்டேன்பா. ரெண்டாம் ஆண்டுல." ஷாந்தினிக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. "அப்புறம் போரடிச்சிருச்சு. நீங்களும் பஸ்ஸுல இருக்கீங்க, புக்கும் பஸ்ஸுல இருக்கு. நான் எதைப் பாக்குறது?"

கோபத்தைப் பக்கத்துச் சீட்டுக்குத் திருப்பினார். எல்லாம் நீலமாயிருந்ததே என்று மனைவியைக் கேட்டார்.

"நான்தாங்க அமுக்குவேன். கேக்கலன்னு தெரிஞ்சா சங்கடப்படுவீங்களேன்னு."

"அமுக்கிட்டு வச்சிருவியா?"

"வச்சாலும் அது பாட்டுக்கு ஓடும்ல. சமையல் நேரம். மொதல்ல சும்மாதான் ஓடவிட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். கேட்கும் நேரமா இது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மூன்று வாரமாக அடக்கிவைத்த கேள்வி. "ஏங்க, அந்தத் தம்பி கெடைச்சிருவானா?"

மனைவி ஒரு கதையின் முடிவைக் கேட்கிறாள் என்பது அவர் காதில் ஏறவில்லை. ஏமாற்றப்பட்டது மட்டும்தான் ஏறியது. "அது ஒனக்கு வாங்குன புத்தகம் இல்ல," என்றார்.

அத்தோடு வாசிப்பு நின்றது. மறுநாள் பாலத்தின் மேல் மணியம் தலையை நீட்டிக் காத்திருந்தபோது தொண்டை சரியில்லை என்றார். ஒரு வாரம் கழித்தும் சரியாகவில்லை. பதினேழு பேரும் பழையபடி அவரவர் கைப்பேசிக்குத் திரும்பினார்கள். புத்தகத்தை வீட்டில் ஐஸ்பெட்டியின் மேல் போட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சம்பளச் சீட்டொன்று அடையாளமாகச் செருகியிருந்தது.

யோகேஸ்வரி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவள். அதற்குப்பிறகு தமிழில் அவள் வாசித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகைகள். ஷாந்தினியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தை இறக்கி, சம்பளச் சீட்டு இருந்த பக்கத்திலிருந்து தொடங்கினாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, நாளுக்கு ஒரு பக்கம். சில நாள் அரைப்பக்கம். கணவர் குரலில் இருபது நிமிடத்தில் ஓடியதை நடக்க அவளுக்கு வாரக்கணக்கானது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் ஷாந்தினி அருகில் வந்து நின்று, ஒரு சொல்லைத் திருத்திவிட்டு, "ஏம்மா இவ்ளோ ஸ்லோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். உட்கார் என்று அம்மாவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அந்த வழக்கம் வரவில்லை. நான்கு மாதத்தில் யோகேஸ்வரி கடைசிப் பக்கத்தை முடித்தாள். சம்பளச் சீட்டை நூற்றுப் பன்னிரண்டிலேயே திரும்பச் செருகி, புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள்.

தீபாவளி விருந்துக்குத் திருச்செல்வம் வந்திருந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் தொங்கியது. அதை மாட்டியதும் ரூபேந்திரன்தான், கழற்றவும் மனமில்லை. அதன் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு, "நம்ம வீட்டுல படிக்கிறவங்க யாரும் இல்ல சார். நான் செய்யாத முயற்சியா?" என்றார். ஆசிரியர் முறுக்கைக் கடித்தபடி வருத்தத்தோடு தலையாட்டினார்.

யோகேஸ்வரி இருவருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்பி என்ன ஆனான் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் வாசிக்கவேண்டிய அளவை மட்டும் வாசித்துப் பழகிய ரூபேந்திரன் அந்தச் சம்பளச் சீட்டைத் தாண்டிப் போனதே இல்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அன்று அங்கே எழுந்த ஒரே கேள்வி சீனி போதுமா என்பதுதான், அதையும் அவள்தான் கேட்டாள்.