காப்பகத்துக்கு வந்த விருந்தாளிகள்

ஞானசெல்விக்குக் கோதண்டத்தின் மேல் கோபமில்லை. வீடில்லாத பெண்களுக்கான மாநகராட்சிக் காப்பகத்தில் அவள் தங்கியிருந்தாள்; அதே தெருவில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் அவர். காப்பகத்தை வேறு பக்கம் மாற்றச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுத்தவரும் அவர்தான். கொடுத்த கையோடு அவளிடமே வந்து சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காத செல்வி. நம்ம ராயபுரத்துல மட்டும் மூணு காப்பகம் கீது. தெக்கால போய்ப் பாரு, ஒண்ணு கெடையாது. கரித்தூளும் நமக்கு, கலீஜ் தண்ணியும் நமக்கு, வூடு இல்லாதவங்களும் நமக்கேவா? அவங்களும் பங்கு போட்டுக்கட்டுமே."

"கரீட்டுதான் நைனா," என்றாள். வீடில்லாதவர்களில் தானும் ஒருத்தி என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

புருஷன் போனபின் காசிமேட்டு மதிலோரம் தார்ப்பாய்க்கடியில் கிடந்தவள் அவள். கதவைத் தாழ்போட்டுத் தூங்குவது என்றால் என்னவென்று காப்பகத்துக்கு வந்துதான் மறுபடி தெரிந்துகொண்டாள். விடியுமுன் துறைமுகத்தில் மீன் வெட்டுவாள். கூலியோடு ஒரு கை மீனும் கிடைக்கும். மத்தியானம் வந்து தூங்குவாள். அதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

மனு பலித்தது. மாத முடிவில் இங்கே பூட்டுவது உறுதி. தெற்கே ஒரு காலனியில் சமுதாயக்கூடம் சும்மா கிடக்கிறது. காலனிக்காரர்கள் சரியென்றால் பெண்கள் எல்லோரும் அங்கே போகலாம். அவ்வளவு தூரத்திலிருந்து வேலைக்கு எப்படி வருவது என்று பக்கத்துப் பாயில் படுக்கும் மகிமா கேட்டாள்.

"கதவு கீதில்ல? மத்தத அப்பால பாத்துக்கலாம்," என்றாள் செல்வி.

சரி சொல்லுமுன் ஆட்களைப் பார்க்கவேண்டும் என்று காலனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மகிமா தரையைக் கழுவிவிட்டாள். செல்வி அன்றைய கூலி மீனைக் கொடுத்து நெத்திலியாக மாற்றி வாங்கி, மிளகாய்த்தூள் தடவி மொறுமொறுவென்று வறுத்தாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் இந்தப் பேட்டையில் கிடையாது.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் தட்டைத் தொடவில்லை. கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு, முகம் கோணாமல் கேட்டார்.

"தினமும் இதைத்தான் சமைப்பீங்களா? அங்கே வந்தாலுமா?"

பாவம், நல்ல மீன் கிடைக்காத இடம் போலிருக்கிறது என்று செல்வி இரக்கப்பட்டாள்.

"நீங்க கவலையே படாதீங்கம்மா. காசிமேட்லேர்ந்து டெய்லி நானே எடுத்துகினு வந்துடுவேன். உங்க வூட்டுக்கும் ஒரு பங்கு வறுத்துத் தர்றேன்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள், அதில் குறையில்லை.

மறுவாரம், சமுதாயக்கூடத்தை யோகா வகுப்புக்கு ஒதுக்கியாயிற்று என்று தகவல் வந்தது. இங்கே சொன்னபடி பூட்டினார்கள். மற்ற இரண்டு காப்பகங்களிலும் காலுக்கு இடமில்லை. மகிமா அக்காள் வீட்டைத் தேடி எண்ணூர் போய்விட்டாள். செல்விக்கு அப்படி ஒரு வீடும் இல்லை.

வேலை முடிந்த மத்தியானம் பழைய மதிலோரம் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாக வந்த கோதண்டம் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா செல்வி, அங்க இட்டுகினு போவலையா?"

"இல்ல நைனா."

"நான் மாத்தத்தான சொன்னேன். மூடச் சொல்லலியே."

"தெரியும் நைனா."

அவர்மேலாவது, அந்தக் கண்ணாடி அம்மாள்மேலாவது ஆத்திரம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து, புடவைக் கரையைக் கணுக்காலோடு சேர்த்து இறுக்கி முடிந்துகொண்டாள். தெருவில் தூங்கும் பெண்கள், தூக்கத்தில் யாரும் புடவையை விலக்கிவிடாமலிருக்கச் செய்வது அது. அவள் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகவே முடிச்சுப் போட்டது.

கோதண்டம் வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே போனார்.