குபானிச் எடுத்துவிட்ட சோதனை

குபானிச் அதிகம் பேசமாட்டான். லாரி ஓட்டுபவரின் மகன். கணக்கில் கெட்டிக்காரன் என்று வாத்தியாரே அவனைத் தலைநகர் பிஷ்கெக்குக்கு பஸ் ஏற்றிவிட்டாராம். பத்தொன்பது வருடமாக எங்கள் அலுவலகத்தில்தான் வேலை. இங்கே பதினோரு பேருக்கு மதியச் சாப்பாடு செய்வது நான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவன் வரத் தாமதமானால், அவன் பங்கை மூடி வைப்பேன்.

மலையூர் மருத்துவ நிலையங்களுக்கான நிரல் அவன் பொறுப்பு. அவன் ஜாவாவில் எழுதுவான். அதை ஒரு கருவி ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிச் சுருக்கிக் கொடுக்கும். நர்ஸுகளின் கணினியில் ஓடுவது அதுதான். அங்கே இருப்பவை பழைய கணினிகள், இணையமும் மெதுவு. ஒரு பக்கம் திறக்க ஒன்றரை நிமிடம் ஆனது.

“அண்ணே, உங்க பக்கம் தொறக்குறதுக்குள்ள காய்ச்சல் தானா எறங்கிடுது. மருந்தே வேணாம் போல,” என்று நர்ஸ் புருல்கான் போனில் சிரிப்பாள்.

ஏப்ரலில் குபானிச் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தான். வேண்டாததை வெட்டினான். கடைசியில், ஒவ்வொரு தகவலும் சொன்ன வகைதானா, எண்ணா எழுத்தா பட்டியலா, என்று பார்க்கிற சோதனைகளையும் எடுத்துவிட்டான். பக்கம் இருபது நொடியில் திறந்தது. முதலாளி மெதெர்பெக் ஆடு அறுத்து விருந்து வைத்தார்.

ஜூனில் புருல்கான் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பில்லை.

“அண்ணே, இந்தப் பையனுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு போன வருஷம் நானேதான் கணினியில ஏத்தினேன். இங்க கட்டம் காலியா இருக்கு. கையில ஊசியோட நிக்கிறேன்.”

“போடாத தங்கச்சி. கீழ வை.”

சோதனைகளைத் திரும்பச் சேர்த்து ஓட்டிப் பார்த்தான். அந்தக் கட்டம் வந்ததும் நிரல் பிழை சொல்லி நின்றது. பழைய பதிவுகள் வேறு வகையில் இருந்திருக்கின்றன; அவற்றை மாற்றிப் படிக்கும் வரிகளையும் ஏப்ரலில் வேண்டாதது என்று வெட்டியிருக்கிறான். சோதனை இருந்திருந்தால் ஏப்ரலிலேயே நின்றிருக்கும். அது இல்லாததால் சத்தமில்லாமல் காலிக் கட்டத்தைக் காட்டியிருக்கிறது.

தேநீர் கொண்டுபோன என்னிடம், “அக்கா, கத்த வேண்டியதோட வாய நானே கட்டிட்டேன்,” என்றான்.

மெதெர்பெக் கதவைச் சாத்தினார். “சத்தம் போடாம திருத்தி ஏத்திடு. வெளிய தெரிஞ்சா ஒப்பந்தம் போயிடும்டா.”

“இன்னிக்கே திருத்திடுவேன் அண்ணே. நேத்து வரைக்கும் போட்ட ஊசிய என்ன பண்றது?”

குபானிச் தன் மேசைக்குத் திரும்பினான். மதியத்துக்குள் திருத்தி ஏற்றினான். பிறகு நாற்பத்து மூன்று நிலையங்களுக்கும் அவனே போன் போட்டான். “தப்பு என்னோடது. ஏப்ரல்லேருந்து ஊசி போட்டவங்கள காகிதப் பதிவோட ஒத்துப் பாருங்க,” என்று ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான். நான் வைத்த சூப் ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

முப்பத்தோராவது இடத்தில் ஒருவர் இருந்தார். சாதிபெக், ஆடு மேய்ப்பவர். ஊசி போட்டதும் தொண்டை வீங்கி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அல்லாஹ் உயிரை விட்டுவைத்தான்.

அந்தச் சனிக்கிழமை குபானிச் மேய்ச்சல் மலைக்குப் போனான். திங்கள் காலை அடுக்களைக்கு வந்து நின்றான்.

“கூடாரத்துக்குள்ள நுழைஞ்சதும் அழுதுட்டேன் அக்கா. ‘சாகப் பாத்தவன் நான், அழுறவன் நீயா? உக்காரு’ன்னு புளிச்ச குதிரைப்பால், குமிஸ், ஊத்திக் குடுத்தார்.”

“மன்னிச்சாரா?”

“கேட்டேன். ‘அல்லாகிட்ட கேளு. நான் இன்னும் யோசிக்கணும்’னார்.”

மெதெர்பெக் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் குபானிச் மலைக்கு பஸ் ஏறினான்.