கையுறையோடு பூட்டிய பூட்டு

சாயங்காலம் நாலு முப்பத்தைந்துக்கு எங்கள் வீட்டு கேட்டின் பூட்டு திறக்கவில்லை. மகள் டியூஷன் முடிந்து ஐந்து மணிக்கு வருவாள், அதற்குள் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தேன். அதனால்தான் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு எதற்கும் அரைமணி நேரம் முன்கூட்டியே கவலைப்படும் பழக்கம் உண்டு.

அது நம்பர் பூட்டு. நான்கு வளையங்கள், ஒவ்வொன்றிலும் பத்து எண்கள். சாவி என்றால் தொலைத்துவிடுவேன் என்று பயந்து வாங்கியது. அன்று பள்ளிக்கு லீவு போட்டிருந்தேன். காலையில்தான் எண்ணை மாற்றிப் பூட்டியிருந்தேன், அதன் பிறகு வெளியே போகவில்லை. அதுவரை மகள் பிறந்த தேதி இருந்தது. பிள்ளை பிறந்த தேதியை வைப்பவர்கள் வீட்டில்தான் முதலில் திருடு போகும் என்று முந்தின நாள்தான் எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் சொன்னார். உடனே யாருக்கும் சம்பந்தமில்லாத 7294 என்று மாற்றிவிட்டேன். அந்த எண்ணை நான் மறக்கவில்லை. இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 7294 வைத்து இழுத்தால் பூட்டு அசையவில்லை. கலைத்து மறுபடி வைத்தேன். பழைய எண்ணை வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். கடைசியில், அந்த கேட்டைச் செய்து கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஒரு சோலி கெடக்கு டீச்சர், முடிச்சுட்டு வெரசா வந்துர்றேன்" என்றார்.

கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு கொடைக்கானலில் ஒரு சந்தின் முடிவில் இருக்கிறது. சந்து எங்கள் கேட்டோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் யாரும் குடியில்லாத காட்டேஜின் சுவர். பின்பக்கம் வழி கிடையாது. போன மழைக்காலத்தில் ஒரு காட்டுமாடு எங்கள் சௌசௌ பந்தலைக் கண்டு வைத்துக்கொண்டது. மூன்று முறை உள்ளே வந்து, மூன்றாவது முறை மரக் கேட்டைப் பெயர்த்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் ஆளுயரத்துக்கு இந்தத் தகரக் கேட்டு, மேலே ஈட்டி முனைகள், மதில்மேல் கண்ணாடிச் சில்லு, கை நுழைகிற ஓட்டை வழியாகச் சங்கிலி, சங்கிலிக்கு நம்பர் பூட்டு. எல்லாம் என் யோசனை. அன்று சாயங்காலம் அவ்வளவும் சேர்ந்து என்னை உள்ளேயும் என் மகளை வெளியேயும் நிறுத்தின.

ஐந்து மணிக்கு வந்தவள் விஷயம் தெரிந்ததும் சிரித்தாள்.

"உன்னையே உள்ள வச்சுப் பூட்டிட்டியாம்மா? சூப்பர். திருடன் பாவம்."

"வாய மூடுடி. எண்ணெய் கூட விட்டாச்சு, வரமாட்டேங்குது."

"பாட்டுப் பாடிப் பாத்தியா?"

எனக்குக் கோபம் வந்தது. சுத்தியலை எடுத்துப் பூட்டின்மேல் ஓங்கி ஒரு அடி அடித்தேன். தகரம் முழுவதும் அதிர்ந்து, சரிவில் போய் எதிரொலித்தது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கும்போது அவள் குரல் மாறியிருந்தது.

"ம்மா. தட்டாத."

"ஏன்?"

"பின்னாடி நிக்கிது. நீ தட்டுனதும் தலையத் தூக்கிருச்சு."

இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கண்ணை வைத்தேன். பனிமூட்டத்துக்குள், சந்தின் வாயை அடைத்துக்கொண்டு காட்டுமாடு நின்றிருந்தது. கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. இருபதடி இருக்கும். அதற்கும் என் வீட்டுப் பந்தலுக்கும் நடுவில் என் மகள், புத்தகப் பையோடு.

கத்தத் தோன்றியது. அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டும், சுத்தியலால் அந்தக் கேட்டையே உடைக்க வேண்டும். இதில் எதைச் செய்தாலும் அது மிரண்டு பாயும் என்பது தெரிந்ததால் வாயில் சால்வையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். பதினேழு வருடமாக இவளுக்கு என்னென்ன ஆகும் என்று நான் பயந்த பட்டியலில் இது இல்லை.

அவள் மெல்லக் கேட்டாள். "நம்பர் என்ன வச்ச?"

"ஏழு, ரெண்டு, ஒம்போது, நாலு."

"எப்ப மாத்துன?"

"வெள்ளனே, நீ போனதும்."

"கிளவுஸ் போட்டிருந்தியா?"

பிள்ளைக்குப் பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்றே நினைத்தேன். "போட்டிருந்தேன். குளிருச்சு."

"அதான். செட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள கம்பளில பட்டு ஒரு வளையம் நகந்திருக்கும். மத்த மூணும் சரியாத்தான் இருக்கும். பூட்ட ஓட்டை வழியா வெளிய தள்ளு. சத்தமில்லாம."

சங்கிலியைச் சால்வையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பூட்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் விரல்கள் அதை வாங்கிக்கொண்டன.

"நான் இதப் பாக்குறேன். நீ மாட்டப் பாரு. அது நகந்தா மட்டும் சொல்லு. சும்மா சும்மா சொல்லாத."

முதல் வளையத்தை ஒரு எண் மேலே தள்ளி இழுத்தாள். வரவில்லை. ஒரு எண் கீழே. வரவில்லை. அதைப் பழையபடி ஏழில் வைத்துவிட்டு இரண்டாவதுக்குப் போனாள். கணக்குப் போடுகிற மாதிரி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டாள்.

"ஒரு அடி வச்சிருச்சு" என்றேன்.

"எந்தக் கால்?"

"முன்னங்கால்."

"பின்னங்காலும் வந்தா சொல்லு."

இந்தப் பெண்ணைத்தான் இரண்டு வருடம் பழனியில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு, தினமும் வார்டனுக்குப் போன் செய்து சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னங்காலும் வந்தது. சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வளையத்தை மேலே தள்ளினாள். இல்லை. பழையபடி ஒன்பதில் வைத்து, அங்கிருந்து எட்டுக்கு இறக்கினாள். 'க்ளிக்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகச் சால்வைக்குள் இழுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை. ஓரடி திறந்ததும் பையை முன்னால் விட்டு, பக்கவாட்டில் நுழைந்தாள். கதவைச் சாத்தி, சங்கிலியைக் கையில் முறுக்கிக்கொண்டு, இரண்டு பேரும் முதுகைக் கொடுத்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டை வழியாகச் சூடாக மூச்சு வந்தது. புல் வாசனை. அது பந்தலைப் பார்த்ததா எங்களைப் பார்த்ததா என்று தெரியாது. பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டுவிட்டு, திரும்பிச் சரிவில் இறங்கிப் போனது. கிளைகள் முறியும் சத்தம் அடங்கும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் சங்கிலியை விட்டாள்.

அந்தப் பூட்டை மறுபடி தொட மனம் வராமல் கேட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனோம். சமையலறையில் உட்கார்ந்ததும் கேட்டேன். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"ஹாஸ்டல்ல வாரத்துக்கு ஒருத்தி நம்பர மாத்துறேன்னு இப்பிடி மாட்டிக்குவா. குளிச்சிட்டு ஈரக்கையோட செட் பண்ணுவாளுக, வளையம் வழுக்கிரும். நாந்தான் தொறந்து குடுப்பேன். பெட்டிக்கு ரெண்டு முறுக்கு."

"உன் பெட்டிக்கு நான் வாங்கிக் குடுத்த பூட்டு?"

"என் பெட்டிய நான் பூட்டுனதே இல்லம்மா. நீ வருத்தப்படுவன்னு சொல்லல."

அந்தப் பூட்டை நான் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியிருந்தேன். அவள் பாலை ஊதி ஊதிக் குடித்தாள். கை நடுங்கவே இல்லையே என்று அப்போதுதான் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகு லேசாக நடுங்கியது. அதை மறைக்கத்தான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள் போலிருக்கிறது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். இதை எழுதும்போதும், எங்காவது சங்கிலிச் சத்தம் கேட்டால் என் கை சால்வையைத் தேடுகிறது. அதோடு கூடவே, "எந்தக் கால்?" என்று கேட்ட அந்தக் குரலும் காதில் கேட்கிறது. உடனே கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறேன்.

ஆறு மணி ஆவதற்குச் சற்று முன்னால் வாசலில் பைக் சத்தம். வெல்டிங் பட்டறைக்காரர், அறுக்கும் மெஷினைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் படி வரைக்கும் வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திரும்பி, விரியத் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கேட்ட இப்பிடித் தொறந்து போட்டுட்டு உள்ள ஒக்காந்திருக்கீங்க? கீழ வளைவுல பெரிய மாடு ஒன்னு நிக்கிது. மொதல்ல ஒரு பூட்டு வாங்கிப் போடுங்க."