என் வகுப்பின் சமாரியர்கள்

“கதை சொன்னா புள்ளைங்க நல்லவங்களா ஆயிடுவாங்கன்னு நெஜமாவே நம்புறியாம்மா?”

எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்குப் பொறுப்பாக இருக்கும் ஆன்ட்டி, மற்ற ஆசிரியைகள் எதிரிலேயே என்னிடம் இப்படிக் கேட்டார். பெங்களூரின் வசதியான ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவர். நான் சிவாஜிநகரிலிருந்து நடந்து வருகிறவள். அப்பா கறிக்கடையில் வெட்டுகிறார். அம்மா நாலு வீடுகளில் சமைக்கிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வேதாகமத்தை நான் வாசித்தால்தான் மற்றவர்கள் கேட்க முடியும். ஆன்ட்டியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது: இவளுக்குப் போய் வகுப்பு கொடுத்தோமே?

“நம்புறேன் ஆன்ட்டி” என்றேன்.

“பாக்கலாம். ஆண்டு விழாவுல உன் க்ளாஸ்லருந்து ஒரு புள்ள மேடையேறி, கதை கேட்டு என்ன நல்லது செஞ்சேன்னு சாட்சி சொல்லட்டும். அதுக்கப்புறம் அடுத்த வருஷம் உன் க்ளாஸ் யாருக்குன்னு பேசிக்கலாம்.”

என்னிடம் இருந்தவர்கள் மூன்றாவது, நான்காவது படிக்கும் பிள்ளைகள். முதலில் அனனியா, சப்பீராள் கதையைச் சொன்னேன். பொய் சொன்ன கணவனும் மனைவியும் அடுத்தடுத்து விழுந்து செத்துப்போகிற கதை என்பதால் வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது. அடுத்து, வழியில் கிடந்த அந்நியனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும், ஆலயப் பணி செய்கிற ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனதைச் சொன்னபோது, “ஃபோட்டோ கூட எடுக்கலயா அக்கா?” என்று ஒருவன் கேட்டான்.

“இனிமே வாரா வாரம் யாருக்காவது ஒரு உதவி செஞ்சுட்டு வந்து சொல்லணும்” என்றேன். ஆராதனையில் காணிக்கைப் பையை வரிசை வரிசையாக எடுத்துப்போவது எங்கள் சபைப் பிள்ளைகளுக்குப் பெரிய கௌரவம், அதற்காக அடித்துக்கொள்வார்கள். உதவி செய்தவர்களுக்கே அந்தப் பை என்று அறிவித்தேன்.

அடுத்த ஞாயிறே கைகள் உயர்ந்தன.

“கீழ விழுந்தவன தூக்கிவிட்டேன் அக்கா.”

“நானும் தூக்கினேன்.”

“நான் தண்ணி குடுத்தேன்.”

அதற்கடுத்த வாரமும் இதே கதை. பெங்களூரின் சாலைகள் மோசம்தான். அதற்காக இத்தனை பேரா விழுவார்கள்? அதுவும் என் வகுப்புப் பிள்ளைகள் நிற்கும் இடமாகப் பார்த்து?

சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் சின்ன வயதிலிருந்தே நான்தான் படித்துச் சொன்னேன். நான் ஏமாந்தால் வீடே ஏமாறும். அதனால் யார் எதைச் சொன்னாலும் மறுபடி ஒருமுறை கேட்பேன்.

“எங்க விழுந்தாங்க?”

“சர்ச்சுகிட்டதான் அக்கா.”

“யாரு விழுந்தது?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “மறந்துபோச்சு.”

ஆன்ட்டியே என்னை மாட்டிவிடச் சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

மறு ஞாயிறு சீக்கிரமே கிளம்பிப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால், கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு பையன் மல்லாந்து கிடந்தான். இரண்டு பேர் மூக்கைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தார்கள்.

“டேய், சீக்கிரம் தூக்குங்கடா. எறும்பு கடிக்குது.”

“இருடா, மொதல்ல ரெண்டு பேரு கண்டுக்காம போகணும்ல?”

“அடுத்து நீ விழு. போன வாரம் நாந்தான் விழுந்தேன்.”

நான் முன்னால் போய் நின்றதும், கிடந்தவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். “நாங்க பொய் சொல்லல அக்கா. நெஜமாவே விழுந்தேன். நெஜமாவே தூக்குனாங்க. பொய் சொன்னா செத்துருவோம்ல?”

சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டு கதைகளையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குப் பயந்துகொண்டு மற்றதை நடித்திருக்கிறார்கள். இவர்களில் யாரை மேடையேற்றினாலும், ஆன்ட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், என் வகுப்பு போய்விடும்.

ஒருத்தி மட்டும் எல்லா வாரமும் “ஒண்ணும் செய்யல அக்கா” என்றே சொல்லிவந்தாள். காணிக்கைப் பை அவள் கைக்கு வந்ததே இல்லை. சோம்பேறி, இல்லையென்றால் என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருந்தேன். அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“நீ ஏன் அவங்களோட சேரல?”

“கூப்ட்டாங்க. சும்மனே விழுறவங்கள எதுக்கு அக்கா தூக்கணும்?”

“வேற யாருக்காவது உதவி செஞ்சிருக்கலாமே?”

“பாத்துக்கிட்டுதான் இருந்தேன். யாரும் விழல.”

அவளையும் நான் எளிதில் விடவில்லை. “பை எடுத்துட்டுப் போக ஒனக்கு ஆசையே இல்லயா?”

“ஆசைதான்” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். “சாட்சிக்கு யாரும்மா?”

அவள் பெயரைச் சொன்னேன்.

“அந்தப் புள்ளயா? அவ என்ன செஞ்சா?”

“ஒண்ணும் செய்யல ஆன்ட்டி. அதத்தான் சொல்லப்போறா.”

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார். “மைக் புடிச்சு ஒண்ணும் செய்யலன்னு சொல்றதுக்குப் பேரு சாட்சியா? சபையே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். பைக்காக நடிக்காத புள்ள அவ ஒருத்திதான்.”

கார்களுக்கு நடுவே நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்பார், இனி வகுப்பு எனக்கில்லை என்பார் என்று காத்து நின்றேன். அவர், “மூக்கத் தூக்கிக்கிட்டுப் போனது எந்தப் புள்ளைங்க?” என்று மட்டும் கேட்டார். அது கிண்டலா, அக்கறையா, இல்லை எனக்கு எதிராகச் சேர்த்துவைக்கவா என்று இன்னும் பிடிபடவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் நேராக அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். சனிக்கிழமை ஆண்டு விழா ஒத்திகைக்கு மகளை அவரே அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.