பேனை தொடாதவர்

ஈழத்தில் யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம், பாரிஸின் லா சப்பலில் ஓர் உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவியவர் அவர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. பேனையை மட்டும் தொடமாட்டார். அவருடைய விசாப் படிவங்களை நான்தான் நிரப்புவேன். கையெழுத்துக்கு ஒரு கோணல் கோடு இழுப்பார். இத்தனைக்கும் ஓய்வு கிடைத்தால் தடித்த ரோமாபுரி வரலாறு ஒன்றை விரித்துவிடுவார்.

ஒரு மத்தியானம் அதில் வாசித்ததைச் சொன்னார். ரோமர் தங்களுக்குள்ளேயே அடிபட்ட காலமாம். வென்ற தளபதி, துரோகிகளின் பெயர்களை எழுதிச் சதுக்கத்தில் தொங்கவிடுவானாம். பெயர் வந்தவனை யாரும் கொல்லலாம். சும்மா பார்க்க வந்த ஒருவன் தன் பெயரையே வாசித்தானாம்.

"துரோகியெண்டு ஆர் அண்ணை முடிவெடுக்கிறது?" என்றேன்.

"அது தளபதியின்ரை வேலை. ஆனா தம்பி, அந்தப் பேருகளை எழுதினவன் ஒருத்தன் இருந்திருப்பான்தானே? அவனைப் பற்றி இதிலை ஒரு வரியும் இல்லை. மூண்டு தரம் தேடிப் பாத்திட்டன்."

"அவன் பாவம், சொன்னதை எழுதியிருப்பான்."

"ஓம். வடிவான கையெழுத்தெண்டுதான் அவனைக் கூப்பிட்டிருப்பாங்கள்."

சொல்லிவிட்டு வலக்கையைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் விட்டுத் தேய்க்கத் தொடங்கினார். உள்ளே கழுவுவதற்குக் கோப்பை ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த கிழமையும் அவருடைய படிவத்தை நான்தான் நிரப்பினேன். வழக்கம்போல அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அன்று மட்டும் அவருடைய பெயரை எழுதி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.