பட்டியை விட்டு வராத ஆடுகளும் மலைக்கு வந்த மிஷினும்

காலையிலிருந்து எங்கள் ரிட்டயர்டு டீச்சர்ஸ் குரூப்பில் ஒரே சண்டை!

தன்னைத் தானே புத்திசாலியாக்கிக்கொள்ளும் ஏஐ வந்துவிட்டால் மனுஷன் கதி என்ன என்று ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ்.

அப்படி ஒன்றை எண்பதுகளிலேயே ஜவ்வாது மலையில் வளர்த்தவள் நான். (சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.)

அப்போது ஜமுனாமரத்தூரில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் ஒடுகத்தூர்.

ஏதோ ஒரு திட்டத்தில் எங்கள் ஸ்கூலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மலைப்பாதை பஸ்ஸில், சயின்ஸ் வாத்தியார் தேவராஜ் சாரின் மடியில் உட்கார்ந்து வந்தது. (அதற்கு டிக்கெட் எடுக்கவில்லை.)

வந்த சூட்டோடு அதைத் திருப்பிக் கொண்டுபோகவும் பேச்சு கிளம்பியது. மலையில் இதற்கு என்ன வேலை, கீழே ஏதாவது பெரிய ஸ்கூலுக்குக் கொடுக்கலாமே என்று மேலதிகாரி ஒருவர் சொன்னாராம். நேரில் வந்து பார்த்து முடிவு செய்வாராம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பிள்ளைகள் அப்போதுதான் அதைத் தொட்டுப் பார்க்கவே ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் அசந்துபோகிற மாதிரி ஒன்று செய்து காட்டுவோம் என்று நானும் தேவராஜ் சாரும் ஆடுபுலி ஆட்டத்துக்கு ஒரு புரோகிராம் எழுதினோம்.

மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு வெட்டுப்பட்டால் மைனஸ் மார்க், புலியை அடைத்தால் பிளஸ் மார்க், இழுத்துக்கொண்டே போனால் டிரா. மிஷின் தன்னோடு தானே ஆடும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்!

ஞாயிற்றுக்கிழமை அதை ஆடவிட்டு சர்ச்சில் பூசைக்குப் போனேன். கரண்ட் போகக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

திங்கள் காலையில் பார்த்தால் ஆடுகள் தோற்கவே இல்லை. ஒன்றுகூட வெட்டுப்படவில்லை!

தேவராஜ் சாருக்குக் கால் தரையிலேயே இல்லை. அதிகாரிக்கு இதைக் காட்டினாலே போதும் என்றார்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. புலியை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன்.

மிஷின் நாலைந்து ஆடுகளை ஓரமாக ஒட்டி நிறுத்தியது. பிறகு அதில் ஒன்றை முன்னே நகர்த்தியது. பின்னே நகர்த்தியது. மறுபடி முன்னே. மிச்ச ஆடெல்லாம் கட்டத்தில் இறங்காமல் பட்டியிலேயே பத்திரம். வெளியே வராத ஆட்டைப் புலி எப்படித் தின்னும்?

எல்லா ஆட்டையும் இறக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. இது எங்கள் பக்கம் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே நாங்கள் இரண்டு பேரும் அதை எழுதவில்லை!

மிஷின் மீது தப்பே இல்லை. ஆடு சாகக் கூடாது என்றோம், சாகவிடவில்லை. கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அந்த ஏமாற்று வேலையில்தான் இன்னும் கெட்டிக்காரனாகிக்கொண்டிருந்தது.

விட்டுப்போன விதியை எழுதிச் சேர்த்தோம். ஆனால் இன்னும் எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறதோ, யார் கண்டது? அதனால் நான் ஒரு பூட்டும் போட்டேன். அது எதைக் கற்றுக்கொண்டாலும், எங்களோடு ஆடிக் காட்டிவிட்டு நிற்க வேண்டும். நாங்கள் ஒரு கீயைத் தட்டினால்தான் புதுப் பாடம் ஒட்டும். இல்லையென்றால் பழையபடியேதான் ஆட வேண்டும்.

தேவராஜ் சார் தலையில் அடித்துக்கொண்டார். தானாகக் கற்றுக்கொள்கிற மிஷினுக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கப் போகிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். அடுத்த வாரமே அது வேறொரு குறுக்கு வழியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. நான் கீயைத் தட்டவில்லை. அதற்குப் பிறகு சாரும் வாட்ச்மேன் வேலைக்கு வந்துவிட்டார்.

அதிகாரி வந்தார். அவர் கலசப்பாக்கம் பக்கத்து ஆள், ஆடுபுலியில் ஊறியவர். முதலில் வேண்டுமென்றே, விதி சேர்க்காத அந்தப் பழைய தோற்காத ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். சார் முகம் வெளுத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா இது, ஆட்ட வெளியவே வுட மாட்டுது. இதுக்குப் பேரு ஆட்டமா?"

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிறகு பூட்டுப் போட்ட ஆட்டத்தை எடுத்து வைத்தேன். இந்த முறை ஆடுகள் ஒழுங்காக இறங்கின, அடுக்கடுக்காக நெருங்கின, அவருடைய மூன்று புலிகளையும் மூச்சுவிடாமல் அடைத்தன.

அதிகாரி அவுட்! (ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த மொத்த ஸ்கூலும் கைதட்டியது. அதட்ட வேண்டிய நானும் தட்டினேன்.)

அவர் எழுந்திருக்கவில்லை. யோசித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, நாளைக்கு இது உங்கள வுட நல்லா ஆட ஆரம்பிச்சிட்டா, அது செய்றது சரியா தப்பான்னு உங்களுக்கு எப்டி தெரியும்?"

சரியான கேள்வி. இன்றைக்கும் உலகம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

"நல்லா ஆடுதான்னு பாக்க இல்ல சார் அந்தக் கீ. நம்ம ஆட்டத்த ஆடுதான்னு பாக்கத்தான்."

"அது இன்னா ஆடுதுன்னே புரியாத எடம் வந்தா?"

"புரியற வரிக்கும் தட்ட மாட்டோம் சார்."

கம்ப்யூட்டர் மலையிலேயே இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்!

அன்றைக்கு எனக்கிருந்த கர்வம் இன்னும் இறங்கவில்லை, இறக்குகிற உத்தேசமும் இல்லை.

சரி, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே விட்ட விதி எது? கமெண்டில் எழுதிவிடுங்கள், மிஷினும் படிக்கட்டும்!